இறங்கின நாலா, ஏறின நாலா

திங்கட்கிழமை மதியம் நசீர் நானாவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. "என்ன நானா, ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்தாச்சா?" என்றேன். பேசியது அவருடைய மகள். "வாப்பா மௌத்தாயிட்டார் அன்ரி." எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல, கோபம். வெள்ளிக்கிழமைகூட நல்லம் என்றுதானே சொன்னார்!

வாவிக்கரை இறால் பண்ணையில் அவரோடு வேலை செய்த உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்ல? எங்கள் சண்டையை மட்டும் சொல்கிறேன். குளத்து நீரில் ஒட்சிசன் எவ்வளவு என்று காட்டும் கணினி நிரலை எழுதியவள் நான். கறுப்புத் திரையில் ஒரே வரி. நிமிடத்துக்கொருமுறை புது எண் வந்து பழைய எண்ணின் மேலேயே எழுதிக்கொள்ளும். பழைய இலக்கம் எதுவும் ஒட்டிக்கொண்டு நிற்காதபடி வரியை முதலில் துடைக்கவும் செய்திருந்தேன். அந்தத் துப்புரவில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்.

நானா திரையை உற்றுப் பார்த்தார்.

"முன்ன இருந்த எண் எங்க புள்ள?"

"அழிஞ்சிட்டு நானா. இப்ப உள்ளதுதானே வேணும்?"

"நாலு எண்டு காட்டுது. அஞ்சில இருந்து இறங்கின நாலா, மூண்டில இருந்து ஏறின நாலா?"

நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மழை இருட்டிக்கொண்டு வந்த ஒரு பின்னேரம் திரை நாலு என்றது. பயமில்லை என்றேன். அவர் நம்பாமல் கரைக்குப் போனார். இறாலெல்லாம் மூச்சுக்குத் தவித்து மேலே வந்து ஓரத்தில் ஒதுங்கிக்கொண்டிருந்தன. ஓடிப்போய் நீரைக் கலக்கும் சக்கரங்கள் அத்தனையையும் போட்டுவிட்டார். ஒரு பருவத்து உழைப்புத் தப்பியது. என்னை ஏசவில்லை. "எழுதினத்த ஏன் புள்ள அழிக்கிறாய்? திரையில இடமா இல்ல?" என்று மட்டும் கேட்டார்.

அன்றே மாற்றினேன். ஒவ்வொரு எண்ணும் தன் வரியில் நின்றது. வேலைக்கு வந்ததும் மேலிருந்து கீழே விரலை வைத்து இறக்கிக்கொண்டே வாசிப்பார். திரை முழுக்க விரல் அடையாளம். அதற்கும் அவரோடு சண்டை பிடித்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தார். நான் போனில் கோல் எடுத்து எப்படி என்று கேட்பேன், அவர் நல்லம் என்பார், நானும் நிம்மதியாக வேலையைப் பார்ப்பேன். நேற்றைய பதிலின் மேல் இன்றைய பதில் ஏறிவிடும். இறங்கினதா, ஏறினதா என்று அவர் என்னிடம் கேட்ட கேள்வியை நான் ஒருநாளும் அவரிடம் கேட்கவில்லை.

ஏறாவூரில் அவர் வீட்டுக்குப் போய்விட்டு வந்து, நினைவிலிருந்த பதில்களை ஒரு தாளில் வரிவரியாக எழுதினேன்.

"நல்லம் புள்ள, நாளைக்கு வந்திருவன். குளத்தப் பாத்துக்க."

"நல்லம் புள்ள, ரெண்டு நாள் செல்லும்."

"நல்லம் புள்ள."

"நல்லம்."

அவரில் எனக்கு மிஞ்சியது இந்தத் தாள்தான். மேலிருந்து கீழே விரலை வைத்து இறக்கிப் பார்க்கிறேன். இறங்கின நல்லம், நானா.