பொட்டு வைத்த புட்டிகள்

அந்த ஆயுத பூஜையை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தொண்ணூறுகளின் நடுவில், அடையாற்றில் ஒரு கல்லூரியில் பழ ஈக்களை வைத்து முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். ஈக்கள் தி.நகர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து வாழைப்பழக் கடையில் பிடித்தவை. "ஊரே வாயப்பயம் வாங்க வருது, நீ இன்னாமா ஈ புடிக்க வர்றே?" என்று கடைக்காரர் சிரிப்பார். ஆனால் அழுகிய பழத்தை எனக்கென்று எடுத்தும் வைப்பார்.

ஈயின் குரோமோசோமில் சில சமயம் ஒரு துண்டு அறுந்து, திரும்பி, தலைகீழாக ஒட்டிக்கொள்ளும். கேட்டால் ஏதோ கோளாறு என்றுதான் தோன்றும். கோளாறாவது, மண்ணாவது! அந்தத் துண்டுக்குள் இருக்கும் மரபணுக்கள் மற்றவைபோலச் சீட்டுக்கட்டாகக் கலைவதில்லை. கூட்டாகவே பிள்ளைகளுக்குப் போகின்றன. சூட்டைத் தாங்க உதவும் நாலைந்து மரபணுக்கள் அப்படி ஒன்றாக மாட்டிக்கொண்டால், நம் ஊர் வெயிலில் அந்த ஈயின் வம்சம்தான் பெருகும். பரிணாமம் அப்படியும் நடக்கிறது. அது நடப்பதை நானே எண்ணிப் பார்க்க ஆசைப்பட்டேன்.

ஒரே கடை ஈக்களை இரண்டாகப் பிரித்து, பாதிப் புட்டிகளை மொட்டைமாடி அறையின் சூட்டிலும் பாதியை ஏ.சி. அறையிலும் வளர்த்தேன். தலைமுறைக்குத் தலைமுறை சில புழுக்களை எடுத்து, உமிழ்நீர்ச் சுரப்பியை நசுக்கிச் சாயமேற்றி, தலைகீழ்த் துண்டுகளை எண்ணி நோட்டில் எழுதினேன். ஒரு வருஷம் இதே வேலை. மாடி ஈக்களில் அந்தத் துண்டுகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே வந்தது. இன்னும் மூன்று தலைமுறை எண்ணினால் ஆய்வேடு முடிந்துவிடும். உதவித்தொகையும் மார்ச்சோடு முடிகிறது. முதலிலிருந்து தொடங்க வழியே இல்லை.

பூஜைக்கு முந்தின நாள் காய்ச்சலில் மயிலாப்பூர் வீட்டிலேயே படுத்துவிட்டேன். மறுநாள் போனால், ஆய்வுக்கூட மேஜையில் என் புட்டிகள் பளபளவென்று வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் சந்தனம், குங்குமம். உள்ளே ஒன்றுமில்லை.

அந்த மாதம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்த உதவியாளர் ஓடி வந்தார். "சார்தான் மேடம், எல்லாத்தையும் கய்வி பொட்டு வெக்க சொன்னாரு. ஈ புட்டியுமானு கேட்டேன். எல்லாம்தான்னாரு. சாவடிக்க மனசு வரல, தொறந்து வுட்டுட்டேன்."

அவரை என்ன சொல்ல? சொன்னதைச் செய்தார். சொன்ன மனிதர், என் வழிகாட்டி, ஒரு வருஷமாக என் நோட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பேராசிரியர், சாவகாசமாக மணியடித்துக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்.

"சார், என் ஈக்கள்!"

"ஒரு ஈக்குப் போய் இப்படி அழுதுண்டு நிக்கறயே! தி.நகர்ல இல்லாத ஈயா? மிச்ச மூணு தலைமுறைக்கு அதே ஏத்தத்துல நம்பரைப் போட்டுக்கோ. யார் வந்து எண்ணப் போறா?"

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. "நான் எண்ணுவேன் சார்" என்று கத்தினேன். மணியோசை நின்றுவிட்டது.

அவர் பிரசாத வாழைப்பழத்தை நீட்டினார். அதைச் சுற்றி ஈக்கள். எது மாடி ஈ, எது ஏ.சி. ஈ, எவனுக்குத் தெரியும்? பழத்தை வாங்கி, பொட்டு வைத்த ஒரு புட்டியில் ஈக்களோடு போட்டுப் பஞ்சால் அடைத்தேன்.

ஒரு வாரத்தில் புழு வந்தது. ஒன்றை நசுக்கிப் பார்த்தேன். ஜோடியில் ஒரு குரோமோசோம் நேராக, மற்றது தலைகீழ்த் துண்டோடு. இரண்டும் பொருந்தி ஒட்டுவதற்காக வளைந்து அழகாக ஒரு வளையம் போட்டிருந்தன. இத்தனை கலப்பிலும் அந்தத் துண்டு கலையவில்லை.

பேராசிரியரும் எட்டிப் பார்த்தார். "பாத்தியா, எல்லாம் அப்படியே இருக்கு! அன்னிக்கு என்ன குதி குதிச்சே!"

துண்டு இருந்தது. சூட்டில் அது எவ்வளவு பெருகியது என்பதுதானே என் கேள்வி? அதற்குப் பதில் சாக்கடையில் போயிருந்தது.

ஆய்வேட்டில் அந்த மூன்று தலைமுறைக்கான கட்டங்களில் "ஆயுத பூஜைக்காகக் கழுவப்பட்டன" என்று எழுதிக் கொண்டுபோய் நீட்டினேன். படித்ததும் அவர் முகம் சிவந்தது. அதை அடித்தால்தான் கையெழுத்து என்றார். நான் அடிக்கவில்லை. அவரும் கையெழுத்துப் போடவில்லை. என் பெயருக்கு முன்னால் இன்றுவரை டாக்டர் கிடையாது.