டாப்பெட் சத்தம்

எங்க ஊட்டுக்காரர் மோட்டார் சைக்கிள்ல வர்றது ஊருக்கே முன்னாடி தெரிஞ்சிடும். டகடக டகடகன்னு, பித்தளைச் சொம்புல கூழாங்கல்லப் போட்டு ஆட்டினாப்புல ஒரு சத்தம். நூம்பல்ல அப்போ வீடுங்க கொஞ்சந்தான், மிச்சமெல்லாம் வயலு. அதனால அந்தச் சத்தம் இன்னும் பெருசாக் கேக்கும்.

யுத்த காலம் அது. அவரு ஆவடி பட்டாளக் கேம்ப்ல ஸ்டோர் குமாஸ்தா. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரை கிட்ட அந்தப் பழைய வண்டிய வாங்கிக்கினு வந்தாரு. சனிக்கிழமை சாயங்காலம் ஆனாப் போதும், கொல்லையில சாக்க விரிச்சு அது முன்னாடி உக்காந்துடுவாரு. "எனக்குச் சக்களத்தி வெளியில எங்கேயும் இல்ல, கொல்லையிலதான் கீறா"ன்னு சொல்லிச் சிரிப்பேன். சிரிச்சதெல்லாம் அப்போ.

கல்யாணமாகி ரொம்ப நாள் கழிச்சு எங்களுக்கு ஒரு பொண்ணு பொறந்தா. இன்னும் தலை நிக்கல. காலையில அவரு வண்டிய உதைச்சதும் தூளியில தூங்கிக்கினு இருக்கிறவ ரெண்டு கையையும் மேல தூக்கி விரலை விரிப்பா. ஒடம்பு அப்படியே தூக்கிப் போடும். அப்புறம் ஒரு அழுகை பாருங்க, ஊடே ரெண்டாப் போவும். புள்ள பயந்துக்குது, தலைமாட்டுல இரும்பு வைன்னு அக்கம்பக்கத்துல சொன்னாங்க. நாங்க பூந்தமல்லி சர்ச்சுக்குப் போற குடும்பம். பாதிரியாருக்குத் தெரிஞ்சா தொலைச்சிடுவாரு. ஆனா பெத்த மனசு கேக்குமா? வண்டிச் சாமான்ல இருந்து சின்ன ஸ்பேனர் ஒண்ண எடுத்து, அவ தலைக்கு வெக்கிற துணிச் சுருட்டுக்குள்ள சொருகிட்டேன். அவரும் பாத்தும் பாக்காத மாதிரி இருந்துட்டாரு. வேலை இருந்தா எடுத்துக்குவாரு, முடிச்சிட்டு அவரே திரும்பச் சொருகி வெச்சிடுவாரு.

அந்தச் சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு அவரு எனக்குச் சொல்லியிருக்காரு. எஞ்சினுக்குள்ள வால்வு கீது. அதத் தூக்கி விடற கம்பிக்குப் பேரு டாப்பெட். ரெண்டுக்கும் நடுவுல ஒரு போஸ்ட் கார்டு நுழையற அளவுக்கு சந்து வேணும். சூடேறினா இரும்பு நீளுமாம், அதுக்கு எடம் விடணுமாம். அந்த சந்துல ரெண்டும் மோதிக்கிறதுதான் டகடகன்னு கேக்குது. விக்கும்போதே துரை இதப் படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போனாராம்.

தெரிஞ்ச மனுஷன்தான். ஆனா அந்தச் சனிக்கிழமை, "இன்னிக்கு இதோட வாய அடைக்கிறேன் பாரு, எம்பொண்ணு நிம்மதியாத் தூங்கட்டும்"னு சொல்லிக்கினே சந்தே இல்லாம முடுக்கிட்டாரு. வண்டிய உதைச்சாரு. ஒரு சத்தம் இல்ல, சும்மா பூனை மாதிரி உறுமுது. தூளியில அசைவே இல்ல. கையெல்லாம் எண்ணெய்யோட வாசப்படியில நின்னு தூளியையே பாத்துக்கினு சிரிச்சாரு. அவரு அவ்ளோ சந்தோஷமா இருந்து நான் பாத்ததே இல்ல.

மறுநாள் சர்ச்சுக்கு அதுலதான் போனோம். பூந்தமல்லி எவ்ளோ தூரம், எஞ்சின் சூடேறதுக்குள்ள போயிடலாம். "இன்னா அண்ணாத்தே, புது வண்டியா?"ன்னு ஆளாளுக்குக் கேட்டாங்க. அவருக்குத் தலை கால் புரியல.

திங்கக்கிழமை விடியக்காலையில புள்ளைக்கு ஒடம்பு நெருப்பாக் கொதிச்சுது. பால் குடிக்கல. கண்ணு மேல சொருகுது. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிடலாம்னாரு. தூளித் துணியோட, தலைச் சுருட்டோட அப்படியே அவள வாரிக்கினு பின்னால உக்காந்தேன். பொம்பளை வண்டியில போறாளேன்னு ரோட்ல நின்னு பாத்தாங்க. பாக்கட்டும், எனக்கு இன்னா?

வானகரம் தாண்டி, மதுரவாயல் தாண்டி வேகமாத்தான் போனோம். கோயம்பேடு வரும்போது வண்டி இழுக்க மாட்டேன்னுது. ரெண்டு தும்மு தும்மி நின்னுடுச்சு. உதைக்கிறாரு, உதைக்கிறாரு, கால் சும்மா கீழ போய்ட்டு வருது. எஞ்சினுல காத்தே நிக்கல. அப்போ அவரு மூஞ்சியப் பாக்கணுமே! "சந்து இல்லாமப் போச்சு. சூட்டுல நீண்டு வால்வு மூட மாட்டேங்குது"ன்னாரு.

அப்பெல்லாம் கரி போட்டு ஓட்டற பஸ்ஸு, அது எப்போ வரும்னு ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். கத்திரிக்கா மூட்டை ஏத்தின மாட்டு வண்டி ஒண்ணு வந்துச்சு. ஏறிடலாம்னேன். "மாடு போய்ச் சேர உச்சி வெயில் ஆயிடும், இதோ ஆயிடும், இதோ"ன்னாரு. அந்த "இதோ"வ இப்ப யாரு சொல்லிக் கேட்டாலும் எனக்குப் பத்திக்கினு வரும்.

சாமான் பையக் கொட்டித் தேடினாரு. "சின்ன ஸ்பேனர் எங்கே?"

"புள்ள தலைக்கடியில."

நானே துணிய நெகிழ்த்தி உருவிக் குடுத்தேன். அவ தலை ஒரு பக்கமா சாஞ்சுது. நேரா வெச்சேன்.

எஞ்சின் ஆற நேரம் ஏது? கொதிக்கிற இரும்புல வெறுங்கைய உட்டுத் திருகினாரு. தோல் கருகற வாசனை எனக்கே வந்துச்சு. எனக்கு எரக்கம் வரல. "சீக்கிரம்யா! உன்ன யாருய்யா அத முடுக்கச் சொன்னது?"ன்னு நடு ரோட்ல கத்தினேன். அவர 'யா' போட்டுப் பேசினது அதான் மொதல் தடவை. அவரு கண்ணுல தண்ணி ஊத்துது, ஆனா திருகறத நிறுத்தல.

கடைசியில உதைச்சாரு. பிடிச்சுக்கிச்சு. டகடக டகடகன்னு, முன்னக் காட்டியும் பெருசா, காது கிழியற மாதிரி.

"ஸ்டார்ட் ஆயிடுச்சுமே! ஏறு, ஏறு!" சனிக்கிழமை சிரிச்ச அதே சிரிப்பு அவரு மூஞ்சில.

நான் ஏறல. துணிய விலக்கி அவ கையையே பாத்துக்கினு நின்னேன். தூக்குடி கண்ணு, ஒரே ஒரு தரம் தூக்குடி, அழுடின்னு மனசுக்குள்ள கெஞ்சினேன். கைக்கெட்டற தூரத்துல வண்டி அலறுது. ரெண்டு கையும் நான் வெச்ச எடத்துலயே இருந்துச்சு.

"இன்னாமே நிக்கிற, ஏறேன்!"

"வண்டிய நிறுத்திடுங்க"ன்னேன்.