தாய்க் கண்ணுக்குச் சுற்றிய மிளகாய்

பிள்ளை முகத்தைப் பார்த்ததும் எல்லா வலியும் மறந்துபோகும் என்று சொல்லியிருந்தார்கள். பார்த்தேன். ஒன்றும் மறக்கவில்லை. சிவந்து, சுருங்கி, யாரையோ திட்டுகிற முகமாக இருந்தது. என் மகள் என்று நர்ஸ் சொன்னதால் தெரிந்துகொண்டேன்.

உத்தமபாளையத்தில் அம்மா வீட்டுக்கு வந்தோம். அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன் ஆகியிருந்தது. தரையில் உட்காரக் கூடாது. காலை நீட்டிப் பிள்ளையைக் குளிப்பாட்ட ராயப்பன்பட்டியிலிருந்து ஓர் அக்காவை ஏற்பாடு செய்தார்கள். கழுத்தில் ஜெபமாலை, இடுப்பில் சொருகிய செல்போன். காலை பஸ்ஸில் வருவார். பிள்ளை நெற்றியில் சிலுவை போட்டபிறகுதான் உச்சியில் எண்ணெய் வைப்பார். குளிப்பாட்டி, கொட்டாங்கச்சித் தணலில் சாம்பிராணி காட்டி, எனக்குப் பூண்டுக் குழம்பும் வைத்துவிட்டு மத்தியானம் கிளம்புவார்.

அவரிடம் ஒரே ஒரு சட்டம். தூங்குகிற பிள்ளையைப் பெற்றவள் உற்றுப் பார்க்கக் கூடாது.

“ஊருக் கண்ணக்கூடக் கழிச்சிரலாம் ஆத்தா. தாய் கண்ணு இருக்கே, அதுதேன் பொல்லாத கண்ணு. அங்கிட்டுத் திரும்பிப் படு.”

நான் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்ப்பவள். இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. ஆனால் இந்தச் சட்டம் எனக்கு வசதியாக இருந்தது. திரும்பிப் படுத்துக்கொண்டேன். அழுதால் எடுத்தேன், பால் கொடுத்தேன், துணி மாற்றினேன். வேலையில் குறை வைக்கவில்லை. அதற்குமேல் எனக்குள் எதுவும் இல்லை என்பதுதான் பயமாக இருந்தது. பார்க்க வந்த உறவுக்காரர்கள், காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று சிரித்தார்கள். நான் காக்கையைவிடவும் கேடுகெட்டவளா என்று யோசித்தேன். கணவருக்குப் போடியில் ஏலக்காய் வியாபாரம். வாரத்துக்கொரு முறை வந்து, மகளைத் தூக்கியதும் கண் கலங்குவார். எனக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது.

செவ்வாய்க்கிழமைதோறும் அக்கா சுற்றிப்போடுவார். உப்பு, வரமிளகாய், தெருமண் மூன்றையும் கைக்குள் வைத்து, வாய்க்குள் மாதா ஜெபத்தை முணுமுணுத்தபடி பிள்ளையைச் சுற்றித் தணலில் கொட்டுவார். கண் பட்டிருந்தால் மிளகாய் நெடி வராது என்பது கணக்கு. முதலில் வந்துபோனவர்கள் கண்ணுக்கு. அதில் நெடியே இருக்காது. பிறகு தனியாகத் தாய்க் கண்ணுக்கு. அது கமறும் பாருங்கள், வீடே இருமும்.

“எம்புட்டுப் பேரு வந்துட்டுப் போனாக! அவுக கண்ணுதேன் பட்டிருக்கு. எம்மக கண்ணு படல” என்று அம்மா சந்தோஷப்படுவாள்.

ஊரில் உள்ள கண்ணெல்லாம் என் பிள்ளைமேல் பட்டிருக்கிறது, என் கண் மட்டும் படவில்லை. எனக்கு அப்படித்தான் கேட்டது. இருமலோடு சேர்ந்து கண்ணீர் வந்ததால் யாரும் ஏனென்று கேட்கவில்லை.

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. காற்றில் எங்கோ மரம் விழுந்து கரண்ட் போய்விட்டது. அக்கா வருகிற பஸ்ஸும் தாமதம். பால் குடித்தபடி பிள்ளை மடியிலேயே தூங்கிவிட்டாள். கீழே போட்டால் எழுந்துவிடுவாள். செல்லில் சார்ஜ் இல்லை. பார்க்க வேறு எதுவும் இல்லாததால் அவளைப் பார்த்தேன். தூக்கத்திலேயே சப்புக்கொட்டினாள். புருவத்தைச் சுருக்கினாள், பேப்பர் படிக்கும்போது என் அப்பா அப்படித்தான் சுருக்குவார். காதுமடலில் பூனைமுடி. ஒரு கை என் நைட்டியைப் பிடித்திருந்தது. நான் போய்விடுவேன் என்று பயந்தவள்போல அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்தாள்.

அக்கா வந்து எவ்வளவு நேரம் வாசலில் நின்றாரோ தெரியாது.

“ஏத்தா! இப்புடிப் பாத்தா பிள்ளை என்னத்துக்காகும்?”

திட்டிக்கொண்டே தணல் போட்டார். இந்த முறை நேராகத் தாய்க் கண்ணுக்கே சுற்றிக் கொட்டினார். மிளகாய் வெடித்தது, கருகியது, புகைந்தது. நான் மூக்கைப் பொத்தக் கையைத் தூக்கினேன். யாரும் இருமவில்லை.

“ஆத்தாடி, பட்டிருச்சே!” என்று அம்மா பதறினாள்.

“பின்ன? பெத்தவ கண்ணுல்ல. கொஞ்சமாவா பட்டிருக்கு” என்று அக்கா என்னை முறைத்தார்.

ஜன்னல் திறந்திருந்தது. அந்தக் காற்றுக்கு எந்த நெடியும் நிற்காது என்பது எனக்குத் தெரியும்.

“அக்கா, இன்னொரு தடவ சொல்லுங்க” என்றேன்.

“என்னத்த?”

“பட்டிருச்சுன்னு.”

“பட்டிருக்கு ஆத்தா. ஒங்கண்ணுதேன்.”

நான் வாய்விட்டு அழுதேன். என் மகள் விழித்துக்கொண்டாள்.