எல்லா வயரும் கறுப்பு

என் மனைவியின் மோட்டார் சைக்கிளுக்கு நான் வயரிங் செய்த கதையைச் சொன்னால் எங்கள் தெருவில் சிலர் இப்போதும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அதைவிடப் பெரிய பொழுதுபோக்கை நான் அவர்களுக்குக் கொடுத்ததில்லை.

அவள் குடும்ப நல உத்தியோகத்தர். சனங்களுக்கு மிஸி. உள்துறைமுகத்துக்குக் கிட்ட இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து காலையில் புறப்பட்டு, நிலாவெளி தாண்டி, இறக்கக்கண்டிப் பாலம் ஏறி இறங்கி, குச்சவெளிப் பக்கத்தில் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பார்க்கவேண்டும். பஸ் பெரிய வீதியோடு நின்றுவிடும். அவள் பார்க்கவேண்டிய வீடுகள் மணல் ஒழுங்கைகளுக்குள் இருக்கின்றன. அந்தச் சின்ன மோட்டார் சைக்கிள் ஓடாவிட்டால், யாரோ ஒருத்தி வாசற் படலையடியில் நின்று வீதியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அவ்வளவும் செய்தேன்.

புது வாகனங்கள் நாட்டுக்குள் வராமல் இருந்த வருடங்கள் அவை. இருக்கிறதை வைத்துத்தான் ஓடவேண்டும். எங்களுடையதோ கடற்காற்றில் பத்து வருடம் நின்றது. வயரின் மேல்தோலைச் சீவினால் உள்ளே செம்பு இருக்காது. பச்சைப் பொடிதான் கொட்டும். இன்றைக்கு ஹோன் வேலை செய்யாது, நாளைக்கு சிக்னல் எரியாது. சிக்னல் எரிகிற நாளில் ஹோனும் சேர்ந்து அடிக்கும். பழுதைத் தேடித் தேடி ஒட்டுவதைவிட முழு வயரிங்கையும் உருவிப்போட்டுப் புதிதாக இழுப்பது என்று நான் முடிவெடுத்தேன். நான் அரச அலுவலகத்தில் கோப்பு பார்க்கிறவன். வீட்டில் ஒரு மின்குமிழ் மாற்றி அது எரிந்ததிலிருந்து என்னைப்பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம்.

நகரத்தில் ஒரு பழைய இரும்புக்கடை இருக்கிறது. கப்பல்களிலிருந்து கழற்றிய சாமான் வரும். அங்கே தடித்த கேபிள் ஒன்று கிடைத்தது. பிளந்து பார்த்தால் உள்ளே பதினாறு வயர்கள்; ஒவ்வொன்றிலும் செம்புக்கு மேலே வெள்ளீயம் பூசியிருக்கிறது. உப்புக்காற்று அதைத் தொடாது. கடலிலே ஓடவென்று செய்த வயர் கடற்கரை வீதியில் ஓடுகிற மோட்டார் சைக்கிளுக்குப் பொருந்தாமல் போகுமா என்று கடைக்காரரிடம் கேட்டேன். அவர் கேபிளைத் தராசில் வைத்தபடியே, பொருந்தும் என்றார். விற்கிறவர் வேறென்ன சொல்லுவார்.

ஒரேயொரு விஷயம். பதினாறும் கறுப்பு. எது எது என்று அறிய ஒவ்வொன்றிலும் வெள்ளை மையில் சின்ன இலக்கம் அச்சடித்திருந்தது.

மூன்று ஞாயிற்றுக்கிழமை விறாந்தையில் இருந்து வேலை செய்தேன். இலக்கம் மூன்று ஹோனுக்கு, ஏழு பின் லைட்டுக்கு என்று ஒரு கொப்பித் தாளில் படம் கீறி வைத்தேன். பிறகு ஆசை கூடியது. அவளுடைய போன் சார்ஜ் ஏற ஒரு இணைப்பு, மழைக்காலத்துக்கு முன்னால் இன்னொரு லைட், நிறுத்தி வைத்தால் நான்கு சிக்னலும் ஒன்றாக மினுங்க ஒரு சுவிச். எல்லாவற்றையும் ஒரே பியூஸில் கொழுவினேன். கடைசியில், உப்பு அண்டாமல் இருக்க எல்லா வயருக்கும் தாராளமாகக் கிறீஸ் பூசினேன். அந்தக் கிறீஸ் சில மாதத்தில் இலக்கங்களை ஒவ்வொன்றாகக் கரைத்துவிட்டது.

கொப்பித் தாளை மான் தின்றுவிட்டது. வெளியூர்க்காரருக்கு இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். எங்கள் நகரத்தில் மான் வீட்டு வாசலுக்கு வருவதும், கிடைத்ததைத் தின்பதும் யாரும் திரும்பிப் பார்க்கிற காரியமல்ல. விறாந்தையில் தாளுக்கு மேல் கல் வைக்காமல் விட்டது என் பிழை. நான் பார்த்தபோது ஹெட்லைட் பகுதி மட்டும் வாயில் மிச்சம் இருந்தது.

திரும்பக் கீறியிருக்கலாம். அலுவலகத்தில் ஒரு கடிதத்துக்கு மூன்று பிரதி கேட்கிற ஆள் நான். கீறவில்லை. சோம்பல் என்று அப்போது சொன்னேன். இப்போது யோசித்தால் அது முழு உண்மையில்லை. அந்த வயரிங் உலகத்தில் என் ஒருவன் தலைக்குள் மட்டும் இருந்தது எனக்குப் பிடித்திருந்தது. சின்னப் பழுது வந்தால் அவள் என்னைக் கூப்பிடுவாள், நான் கையைத் துடைத்துக்கொண்டு வருவேன், ஒரு வயரை ஆட்டுவேன், லைட் எரியும். என் வாழ்க்கையில் வேறு எதுவும் நான் ஆட்டியவுடன் எரிந்ததில்லை.

ஒரு நாள் காலை பத்து மணிபோல அலுவலகத்துக்கு அவளுடைய அழைப்பு வந்தது. பாலம் தாண்டிச் சற்றுத் தூரத்தில் மோட்டார் சைக்கிள் செத்துவிட்டது. ஒன்றும் எரியவில்லை, எஞ்சின் பிடிக்கவில்லை. பியூஸ் போயிருக்கும், பெட்டிக்குள் மாற்றுப் பியூஸ் மூன்று இருக்கிறது, ஒன்றை எடுத்துப் போடும் என்றேன். போட்டாள். போட்டவுடன் அதுவும் போனது. போன் சார்ஜ் வயர்தான் எங்கேயோ உரசி இரும்பில் முட்டுகிறது என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. என் மேசையிலிருந்தே கண்டுபிடித்ததில் பெருமையாகக்கூட இருந்தது.

"சீற்றுக்குக் கீழ ஒரு கறுப்பு வயர் இருக்கும், அதைக் கழட்டிவிடும்," என்றேன்.

"எந்தக் கறுப்பு? எல்லாம் கறுப்புத்தானே."

"பதினொண்டு எண்டு இலக்கம் போட்டது."

"இலக்கம் ஒண்டும் இல்லை. கிறீஸ்தான் இருக்கு."

இடப்பக்கத்தில் வளைந்து போகிறது என்றேன். எல்லாம் வளைந்துதான் போகிறது என்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டு, அலுவலகக் கதிரையில் இருந்தபடியே, காற்றில் கையை விட்டுத் துளாவினேன். பக்கத்து மேசைக்காரர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். அப்போதுதான் தெரிந்தது: அந்த வயரிங் என் தலைக்குள்ளும் இல்லை. விரலில் இருந்திருக்கிறது. விரலைப் போனில் அனுப்ப ஏலாது. ஒன்றைக் கழற்றச் சொன்னேன். இரண்டாவது பியூஸும் போனது. இன்னொன்றைச் சொன்னேன், கடைசிப் பியூஸும் போனது.

அந்த வழியால் வந்த ஒரு முச்சக்கரவண்டிக்காரர் நிறுத்தி, சீற்றுக்குக் கீழே குனிந்து பார்த்தாராம். தனக்கும் கொஞ்சம் வயரிங் தெரியும் என்று குனிந்தவர், கையை வைக்காமலே நிமிர்ந்து கேட்டது இதுதான்: "மிஸி, இதைச் செய்தவர் உங்களுக்குச் சொந்தமா? அப்ப நான் ஒண்டும் சொல்லேல்ல."

அவளை அவர்தான் ஏற்றிக்கொண்டு போனார். நாற்பது நிமிடம் பிந்திவிட்டது. அன்றைக்கு அவள் முதலில் பார்க்கவேண்டியிருந்தது தலைப்பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்த ஒருத்தியை. முந்தின வாரமே இரத்த அழுத்தம் கூடியிருந்தவள். போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம், தலை இடிக்கிறது, கண் மங்குகிறது என்று. மிஸி வருவா, வந்தவுடன் சொல்லுவம் என்று காத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். என் மனைவி அளந்து பார்த்துவிட்டு, அதே முச்சக்கரவண்டியில் அவளை ஏற்றி, கையைப் பிடித்தபடி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாள். அன்று பின்னேரமே சத்திர சிகிச்சை செய்து பிள்ளையை எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் சுகம். இதை முதலே சொல்லிவிடுகிறேன். ஆனால் எனக்கு அது தெரியவந்தது அடுத்த நாள்தான். அந்த ஒரு நாளை நான் எப்படிக் கழித்தேன் என்பதில் பகிடி எதுவும் இல்லை.

அன்று பின்னேரம், தாயை ஆஸ்பத்திரியில் ஒப்படைத்துவிட்டு, அவள் வீட்டுக்கு வந்து குளித்து, தேத்தண்ணி போட்டு, குசினியில் நின்றே குடித்தாள். ஏச்சு விழும் என்று நான் ஆயத்தமாக இருந்தேன். மானைப்பற்றிச் சொல்லக்கூட ஒரு வசனம் வைத்திருந்தேன். அவள் ஏசவில்லை.

"நீங்கள் கொழும்புக்குப் போயிருந்தா நான் ஆரைக் கேட்டிருக்கிறது?"

"நான் எங்க இருந்தாலும் போன் எடுப்பன்தானே."

"எடுத்தனீங்கள்தான். எடுத்து என்ன செய்தனீங்கள்?"

கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு விறாந்தையில் அவள் முன்னால் இருந்தாள், நான் பின்னால். கேட்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லவேண்டும் என்பது ஒப்பந்தம். நிற வயர் வாங்கி எல்லாவற்றையும் மாற்றுகிறேன் என்று நான் சொல்லிப் பார்த்தேன். நல்ல வயரை ஏன் எறியவேண்டும் என்றாள். ஒவ்வொரு வயராக மின் மீற்றர் வைத்து எங்கே போகிறது என்று அவளே பிடித்தாள். இரண்டு முனையிலும் கிறீஸைப் பஞ்சால் துடைத்து, ஆஸ்பத்திரி வாட்டில் பிறந்த பிள்ளையின் கையில் ஒட்டுகிற மாதிரிப் பிளாஸ்டர் ஒட்டி, பேனையால் எழுதி, அதற்கு மேலே தெளிந்த டேப் சுற்றினாள். ஹோன். பின் லைட். எஞ்சின் தீப்பொறி. என் கண்டுபிடிப்புகள் மூன்றையும் பிரித்து எடுத்து, வேறு பியூஸில் போட்டு, ஒரே இழுப்பில் கழற்றக்கூடியதாகச் செய்யச் சொன்னாள். செய்தேன். அந்த முனையில் அவள் எழுதியது: இவரின் விளையாட்டு. கழட்டினாலும் ஓடும்.

குனிந்திருந்த அவளுடைய கழுத்தில் வியர்வை வழிந்தது. இரத்த அழுத்தம் பார்க்கும்போது இருக்கிற அதே முகம். அவளுடைய வேலையை நான் அதற்கு முதல் இவ்வளவு கிட்டவிருந்து பார்த்ததில்லை. பிழையாகப் போகக்கூடியது எது, அதை யார் எந்த இருட்டில் எந்த அவசரத்தில் தேடவேண்டிவரும் என்று யோசித்தே ஒவ்வொன்றையும் ஒட்டினாள். நான் வயரிங் செய்தபோது வயரைப்பற்றி மட்டும்தான் யோசித்தேன். கொஞ்சம் என்னைப்பற்றியும்.

அதற்குப்பிறகு ஒரு மாரி போய்விட்டது. போன மாதம் எரிபொருள் நிலையத்தில் ஒரு முச்சக்கரவண்டிக்காரர் என்னைக் கூர்ந்து பார்த்துவிட்டு, நீங்கள்தானே மிஸியின்ர அவர் என்று கேட்டார். அந்த நாளில் அவளை ஏற்றிப்போனவர். ஓம் என்றேன், தலையைக் குனிந்துகொண்டு. அவர் சொன்னார், மாரிக்குள் ஒரு நாள் கொட்டுகிற மழையில் மிஸி வீதியோரம் நின்றதைக் கண்டு நிறுத்தினாராம். இறங்கி வருவதற்குள் அவள் சீற்றைத் தூக்கி, எதையோ இழுத்து, பியூஸை மாற்றி, ஹெல்மெட்டைப் போட்டுவிட்டாள். கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டாளாம்.

வீட்டுக்கு வந்து, ஏன் எனக்குச் சொல்லேல்ல என்று கேட்டேன்.

"எதை?"

மழையில் நின்றதை என்றேன். அவள் கொஞ்சம் யோசிக்கவேண்டியிருந்தது. பிறகு ஞாபகம் வந்து, "ஓ, அதுவோ. அதில சொல்ல என்ன கதை இருக்கு," என்றுவிட்டு, அடுத்த நாளுக்கான தடுப்பூசிப் பதிவுகளைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

நான் வெளியே வந்தேன். மோட்டார் சைக்கிள் நல்ல சுகமாக நின்றது. சுற்றிவந்து பார்த்தேன், ஒரு வேலையும் இல்லை. செயினுக்கு எண்ணெய் விட்டேன். அதற்கும் அவள் காலையில் விட்டிருந்தாள்.