ஒன்பதாம் நாள் கதவு

பக்கத்து வீட்டில் நவநாள் செபம், மாதா கோயில்காரர்கள் ஒன்பது நாள் விடாமல் சொல்வது. "எங்கள்மேல் இரக்கமாயிரும் சுவாமி" என்று கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அறுபதுகளில், கடலூர் வீட்டில் அப்பாவும் இப்படித்தான் எட்டு நாள் முழங்காலில் நின்று இரக்கம் கேட்டார். ஒன்பதாம் நாள் செபத்தின் நடுவே, இந்துப் பையனைக் கட்டிக்கொண்டு சிதம்பரம் போயிருந்த அக்கா கைக்குழந்தையோடு வந்து கதவைத் தட்டினாள்.

"அப்பா, புள்ளைக்குக் காய்ச்சல்ப்பா."

அம்மா எழுந்தாள்.

"பாதியில எழுந்தா நவநாள் முறிஞ்சிடும். முட்டி போடுடி."

அம்மா மண்டியிட்டாள். அக்காவின் குரல் அமுங்கும்படி அப்பா உரக்கச் செபித்தார். பத்து வயதில் நானும் அவரோடு சேர்ந்து கத்தினேன், "இரக்கமாயிரும் சுவாமி." நவநாள் முறியவில்லை. அக்கா அதற்குப் பிறகு வரவேயில்லை.

இப்போது பக்கத்து வீட்டில் காலிங்பெல் அடிக்கிறது. செபம் நிற்கவில்லை.

யாராவது எழுந்துபோய்த் திறந்து தொலையுங்கள்.