பதினெட்டுப் பேரை டேக் செய்த கட்டுரை

ஆம்பூர் ஷூ கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த சூப்பர்வைசர், மடித்தாலும் வெடிக்காதபடி தோலுக்குப் பூச்சு கொடுக்கும் தன் முறையை எனக்குச் சொன்னார். ஏழெட்டு வருஷம் முன்பு அதைக் கட்டுரையாக்கி, தொழில்காரர்கள் கூடும் இணையதளத்தில் போட்டேன். போட்ட பிறகுதான் கல்யாணப் பத்திரிகை புத்தி வந்தது. பதவி வரிசைப்படி பதினெட்டுப் பெரிய மனிதர்களை டேக் செய்தேன். ஒருவரும் படிக்கவில்லை; அத்தனை பேரும் ‘அருமை’ என்றார்கள்.

“இன்னா சார், ஊரையே கூப்ட்டு என்னை வுட்டுட்டீங்க? அடுத்த வாரம் புரமோஷன் பேசறாங்க சார்” என்றார் சூப்பர்வைசர்.

“ஒருதடவ போட்டுட்டா அப்பறம் பேர் சேக்க முடியாதுங்க” என்று புளுகினேன். ஜெனரல் மேனேஜர் பக்கத்தில் அவர் பெயரை உட்கார வைக்க எனக்குக் கூச்சம்.

புரமோஷன், டேக் செய்யப்பட்டவர்களில் தோலையே தொட்டறியாத ஒருவருக்குப் போனது. அவருடைய தகுதிக்குச் சான்றாகக் கூட்டத்தில் என் கட்டுரையைக் காட்டினார்கள். நானும் கைதட்டினேன்.