மூன்றாவது தாமதமும் இரண்டு கையெழுத்தும்

நியூ ஜெர்சியில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, சம்பளச் சீட்டில் யூனியன் சந்தா என்று ஒரு பிடித்தம் இருந்தது. எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஏற்கெனவே புரியாத பிடித்தங்கள் நாலைந்து இருந்தன, அதோடு இதுவும் போகட்டும் என்று விட்டுவிட்டேன். கேள்வி கேட்காமல் இருப்பதைப் பெரிய அடக்கம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. எடிசன் என்ற ஊரில் எங்கள் அபார்ட்மென்ட்டிலேயே குடியிருந்த ஒரு அக்கா, அதே மருத்துவமனையில் பில்லிங் பிரிவில் இருந்தார். தினமும் தன் காரில் என்னைக் கூட்டிப்போவார். பெட்ரோலுக்கு என்று எதையாவது நீட்டினால் கோபித்துக்கொள்வார். அவரிடம் குறை என்று ஒன்று உண்டென்றால் அது நேரம்தான். ஏழேகாலுக்குக் கிளம்பவேண்டிய கார் ஏழரைக்குத்தான் அசையும். பில்லிங்கில் அதை யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள். எங்கள் லேப் சூப்பர்வைசரோ கடிகாரத்துக்கு அடியிலேயே நிற்பார்.

மூன்றாவது முறை தாமதமானதும் என்னை வேலையிலிருந்து எடுக்கப்போவதாகக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். ஏன் லேட் என்று கேட்டபோது உண்மை தொண்டை வரை வந்தது. ஓசியில் கூட்டிவருகிறவரைக் காட்டிக்கொடுப்பதா? டிராஃபிக் என்றேன். சூப்பர்வைசர் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன்.

அப்போதுதான் சந்தா எதற்கு என்று தெரிந்தது. எங்கள் பிரிவின் யூனியன் பிரதிநிதி, அங்கே இருபது வருடமாக ரத்தம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு கறுப்பினப் பெண்மணி, கடிதத்தை வாங்கிப் படித்தார். "நீ ஏன் லேட் என்று எனக்குச் சொல்லவேண்டாம். முதலில் எழுத்தில் எச்சரித்தார்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். ஒப்பந்தப்படி அது தப்பு என்று சொல்லி, முறையீடு எழுதிக் கொடுத்துவிட்டார். விசாரணை முடியும்வரை நான் வேலையில் இருக்கலாம்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலை. காரை மருத்துவமனை வாசலில் நிறுத்திவிட்டு அக்கா ஒரு தாளை நீட்டினார்.

"இதுல ஒரு சைன் பண்ணு. யூனியனே வேணாம்னு ஓட்டெடுப்பு கேக்கறோம்."

"ஏன்க்கா?"

"பின்ன என்ன? நாம மாடா உழைக்கறோம். சும்மா ஒக்காந்திருக்கறவனுக்கும் அதே சம்பள ரெய்ஸ். சீனியாரிட்டியாம்! இதுக்கு மாசாமாசம் சந்தா வேற."

"என் கேஸ் ஒண்ணு யூனியன்ல இருக்கேக்கா…"

"அது வேற, இது வேறம்மா. அது பாட்டுக்கு நடக்கும்."

எட்டு மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது. இன்னும் ஒரு கேள்வி கேட்டால் நான்காவது தாமதம். டாஷ்போர்டின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினேன்.

மதிய இடைவேளையில் பிரதிநிதி என் மேஜைக்கு வந்து, யூனியனை ஆதரிக்கும் அட்டை ஒன்றை வைத்தார். யூனியன் போனால் ஒப்பந்தம் போகும், ஒப்பந்தம் போனால் உன் முறையீட்டைக் கேட்க ஆள் இருக்காது என்று பொறுமையாக விளக்கினார். அதிலும் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன்.

"கிரீன் கார்டு வர்ற வரைக்கும் எதுலயும் சைன் பண்ணாதேன்னு சொன்னேன்ல?"

"ரெண்டுலயும் பண்ணிட்டேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு உண்மையாகவே ஒன்றும் புரியவில்லை. அக்கா பொய் சொல்கிறவர் இல்லை, அவருக்கும் தெரிந்தது அவ்வளவுதான். ரெய்ஸ் பற்றி அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. தினமும் அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, பெட்டிஷனிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று எப்படிச் சொல்வது? ஒருநாள் வாயைத் திறந்தேன். "ஹீட்டரைக் கொஞ்சம் கம்மி பண்ணலாமாக்கா?" என்றுதான் வந்தது. என்மேல் எனக்கே எரிச்சலாக இருந்தது.

ஓட்டெடுப்பு கேன்டீனை ஒட்டிய அறையில் நடந்தது. திரைக்குப் பின்னால் போய், யூனியன் வேண்டும் என்ற கட்டத்தில் குறி போட்டேன். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் போட்டேனா, அதுதான் சரி என்று போட்டேனா என்று கேட்டால் இன்றும் பதில் தெரியாது. திரும்பும்போது காரில் அக்கா, "போட்டியா?" என்றார். "போட்டேன்க்கா." "குட்."

யூனியன் நிலைத்தது. அக்கா இரண்டு நாள் காரில் பேசவில்லை. மூன்றாம் நாள், "நம்ம ஜனம் நாலு பேராவது ஒத்துமையா நின்னோமே" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த வாரம் விசாரணை. மூடிய அறையில் பிரதிநிதி எனக்காக ஒரு மணி நேரம் வாதாடினார். சூப்பர்வைசர் குரலை உயர்த்தியபோதும் இவர் உயர்த்தவில்லை. ஒப்பந்தத்தின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியில் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். வேலை தப்பியது.

வராந்தாவில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுகை வந்துவிட்டது. "நான் உங்களுக்குத்தான் ஓட்டுப் போட்டேன்" என்றேன்.

அவர் சிரித்தார். கோபம் இல்லாத சிரிப்பு. "அந்தப் பெட்டிஷனில் கையெழுத்துப் போட்ட எல்லோருமே என்னிடம் இதைத்தான் சொல்கிறார்கள்" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா? எப்போதிலிருந்து?"

"நீ காரில் கையெழுத்துப் போட்டபோது நான் வாசலில்தான் நின்றிருந்தேன்."

என் தோளில் தட்டிவிட்டு, காகிதங்களை அள்ளிக்கொண்டு லேபுக்குப் போய்விட்டார். நான் சொன்னது உண்மை என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. அந்த ஒரு மணி நேரமும் அவர் வாதாடியது, தனக்கு எதிராக ஓட்டுப் போட்டவள் என்று தான் நம்பிய ஒருத்திக்காக.